இருபது புள்ளி

பொயிலர் அணைந்த பிறகும்
கொழுந்து வாட்டும் மாடியில் கொஞ்ச நேரம் சூடு தங்கும்.
அதில் முதுகைச் சாய்த்துப்
பெரிக்கிளீஸைப் படிக்கிறேன்.
நோர்வூட் பக்கமிருந்து மழை ஏறி வருகிறது.

கிரேக்க உரோம நாகரிகம்.
தனிப்பட்ட பரீட்சார்த்தி, மூன்றாம் தடவை.
"இதைப் படிச்சு எந்த மலைக்குடா ஏறப்போற?"
ரோதையடியில் நின்று அருளானந்தன் கேட்பான்.
வாத்தியார் இல்லாமலே பாஸாகலாம் என்று
யாரோ சொன்னதை நம்பி எடுத்த பாடம்.

சிலையில்கூடத் தலைக்கவசம் கழற்றாதவன்.
தலை நீளமாம்.
வெங்காயத் தலையன் என்று
கூத்துக்காரர்கள் மேடையில் வைத்தே சிரித்தார்களாம்.
உடனே பிடித்துப்போனது எனக்கு.
எங்கள் பெரிய கிளாக்கரும் தொப்பி கழற்றுவதில்லை.

அடுத்த பக்கம்:
தாய், தகப்பன் இரண்டு பேரும் ஏதென்சுக்காரரானால்தான்
பிள்ளை குடிமகன்.
கை உயர்த்தினார்கள். சட்டமானது.
சிவப்புப் பேனாவால் கோடிட்டேன்,
கோடு நேராக வரவில்லை.

பிறகு எகிப்திலிருந்து கோதுமை வந்தது,
இனாமாக, கப்பல் நிறைய.
பங்கு போடப் பெயர்ப் பட்டியலைப் பிரித்தார்கள்.
ஐயாயிரத்துக்குக் கிட்ட வெட்டுப்பட்டது.
அவர்களை விற்றார்கள் என்றும் ஒரு பேச்சு.

கோதுமை எனக்கு விளங்கும்.
இரவு ரொட்டி, விடிந்தால் அதே ரொட்டி.
பட்டியலும் விளங்கும்.
பெரியப்பா பழனியாண்டியின் பெயர்
ஒரு தாளில் இருந்தது, மற்றதில் இல்லை.
தகப்பன் பிறந்ததற்குச் சான்று கேட்டார்கள்.
பிறந்தது ஆறாம் நம்பர் லயம்;
கண்ட சாட்சி ஒரு மருத்துவச்சி,
அவளுக்கே சான்று கிடையாது.
தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது
கவ்வாத்துக் கத்தியைக் கையோடு கொண்டுபோனாராம்.
சுங்கத்தில் பிடுங்கிக்கொண்டார்களாம்.
அக்கரையில் அதை வைத்து எதை வெட்டுவதாக இருந்தார்?

ஏதென்சில் கொள்ளைநோய்.
பெரிக்கிளீஸின் இரண்டு பையன்களும் போய்விட்டார்கள்.
இளையவனுக்கு மாலை வைக்கப் போனவன்
ஊர் பார்க்க உடைந்து அழுதான்.
மிஞ்சியது ஒருத்தன்,
மிலேத்தசிலிருந்து வந்த அஸ்பாசியா பெற்றவன்.
அப்பன் போட்ட சட்டத்தில்
அவனுக்கு ஊரே இல்லை.

சபைக்குப் போனான்.
இவனுக்கு மட்டும் என்றான்.
கொடுத்தார்கள்.

இங்கே புத்தகத்தை மூடினால் நல்ல கதை.
கீழே எறும்பெழுத்தில் ஒரு குறிப்பு:
மகன் தளபதியானான். கடற்போரில் வென்றான்.
புயலில் தத்தளித்த சொந்த ஆட்களைத்
தூக்காமல் விட்டான் என்று
அதே ஊர் அவனைக் கொன்றது,
முழுக் குடிமகனாக.

கேள்வி எப்படி வருமென்று தெரியும்.
"சட்டத்தின் நோக்கங்களை விளக்குக."
நான்கு எழுதினால் இருபது புள்ளி.
நான்கும் பாடம்.
ஆறாம் நம்பர் லயம் எந்த நோக்கத்திலும் சேரவில்லை.

ஹட்டனில், மேசையின் மூலையில்
அடையாள அட்டையை வைக்கச் சொல்வார்கள்.
வைப்பேன்.
மேற்பார்வையாளர் குனிந்து
படத்தை ஒருமுறை, என்னை ஒருமுறை,
திரும்பவும் படத்தை.

அந்த நேரத்துக்கு மட்டும்
எனக்கும் ஒரு தலைக்கவசம்
இருந்தால் தேவலை.