காம்பில்லாதவரை

நாலு வெள்ளி என்றார் கோ பெங் சியூ.
எடைக்குத்தான் விலை, வயதுக்கு இல்லை.
சுங்கை காடுட்டில் அவருடைய பழைய இரும்புக் கிடங்கு.
நசுங்கிய சைக்கிள்கள், மீன்தொட்டிச் சட்டம்,
யாரோ கழற்றிப் போட்ட சன்னல் கம்பிகள்,
எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கோடாரித் தலை.
சிவப்புச் சாயத்துக்குக் கீழே சாம்பல்,
சாம்பலுக்குக் கீழே பச்சை.
பின்மண்டை காளான்போலப் பிதுங்கியிருந்தது.
பிளக்கத் தெரியாத எவனோ
இதைச் சுத்தியலாக்கியிருக்கிறான்.

கிராஞ்சி ரயில் நிலையத்தில் பையைச் சோதித்தார்கள்.
குடைக்கும் சாப்பாட்டு டப்பாவுக்கும் நடுவில்
திரையில் அது நீலமாகத் தெரிந்தது,
அசையாத மீன்.
சுஹைலி என்று சட்டையில் பெயர் குத்திய இளைஞர்
என் சீருடையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்,
மேலதிகாரியைக் கூப்பிட்டார்.
வந்தவர் தமிழர். அதன் காதுக்குள் விரலை விட்டுப் பார்த்து,
"காம்பு எங்கே?"
இன்னும் போடலை.
"காம்பில்லாதவரை வெறும் இரும்பு.
போங்கக்கா. அடுத்தமுறை டாக்சி எடுங்க."

பிஸ்கட் டின்னில் மூன்று போத்தல் வினிகர், இரண்டு இரவு.
அடுப்படியில் ஊறுகாய் நாற்றம்.
கறுப்புச் சேறு கழன்றதும் எண் தெரிந்தது, மூன்றரை.
பக்கத்தில் ஓர் அம்புக்குறி:
அரசாங்கச் சொத்து.
எந்த அரசாங்கம் என்று இரும்பு சொல்லவில்லை.
காதை அடைத்திருந்த பழைய மரத்தைத்
துளைத்துத் துளைத்து எடுத்தேன்.
உள்ளே ஆப்பு இல்லை, ஆணி. வளைந்த மூன்று அங்குல ஆணி.
அவசரக்காரன்.
அந்த அவசரத்தை எனக்குப் பிடித்துப்போனது.

அரம் முன்னே தள்ளும்போதுதான் வெட்டும்.
அழுத்தியபடி பின்னே இழுத்தால் பல் மழுங்கும்.
இதைக் கற்க இரண்டு அரம் செலவானது.
குலத்தைக் கெடுக்க வந்த கோடாரிக்காம்பு
என்று அண்ணன் சொன்னது,
ஈசூன் வீட்டை விற்க நான் கையெழுத்துப் போட்ட அன்று.
பதினோரு நிமிட அழைப்பு. பிறகு இல்லை.
பத்து மணிக்கு மேல் தேய்த்தால்
கீழ்வீட்டார் துடைப்பக்கட்டையால் கூரையைத் தட்டுவார்கள்.
நிறுத்திவிடுவேன்.

சுமத்ராக் காற்று அடித்த விடியலில்
கார் நிறுத்துமிடத்தில் ஓர் அங்சானா
வெள்ளை வேன்மேல் சாய்ந்து கிடந்தது.
ரஃபிகுல் ரம்பத்தை இயக்கினார்.
வெட்டிய இடமெல்லாம் சிவப்பாகக் கசிந்தது.
நம் வேங்கைக்கு இது பங்காளி.
கைப்பிடிக்கு ஏற்ற மரமில்லை, தெரியும்.
இரண்டு முழத்துக்கு நேராக ஒரு கிளை வேண்டும் என்றேன்.
தரக்கூடாது என்றார்.
சுற்றிலும் பார்த்துவிட்டு
ஒரு துண்டைக் காலால் புல்பக்கம் உருட்டிவிட்டார்.

பதினொரு மாதம் காலணி அலமாரிக்குப் பின்னால் காய்ந்தது.
கண்ணாடிச் சில்லால் சுரண்டிச் சுரண்டி
என் கைக்குச் சரியாக்கினேன், வேறு யார் கைக்கும் இல்லை.
தலையை மாட்டியபின்
காம்பைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்து
அதன் அடி நுனியில் தட்ட வேண்டும்.
இரும்பு கழன்று காலில் விழும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.
விழாது. ஒவ்வொரு தட்டுக்கும்
காம்பில் இன்னும் கொஞ்சம் மேலேறும்.
எட்டு முறை தட்டினேன். பிறகு ஆப்பு. இந்த முறை மரத்தில்.

ஆளிவிதை எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டி வைத்தால்
தானே பற்றிக்கொள்ளும்.
விரித்துத்தான் காயப்போட வேண்டும்.
ஒன்பதாம் மாடி மூங்கில் கழியில்
என் சீருடைக்குப் பக்கத்தில் அது ஆடிக்கொண்டிருந்தது.

இப்போது காம்பு இருக்கிறது, அதனால் வெளியே போக முடியாது.
அரிசி டின்னுக்குப் பின்னால் சாய்ந்து நிற்கிறது.
இந்தத் தீவில் நான் வெட்டலாம் என்று
ஒரு மரமும் இல்லை.
ஆனாலும் தோலில் இழுத்து இழுத்துக் கூர் ஏற்றினேன்,
முன்கையில் வைத்துப் பார்த்தேன்.

மறுநாள் கையுறை மாட்டும்போது மெய் ஷுவான் கேட்டாள்,
முடியெல்லாம் எங்கே, சுட்டுக்கொண்டாயா?
இல்லை, கூர் பார்த்தேன்.
எதற்கு?
மணி அடித்துவிட்டது.