பதினாலாம் பாட்டில்

தீக்குச்சி நுனியில் ஊதாவின் மகரந்தம்.
வரியிலைக்காரிதான் தாய்;
வெள்ளை வரி தாய்வழியாகத்தான் இறங்கும்.
காம்பில் நூல் கட்டி
அட்டையில் எழுதினேன்: ஆனி ஏழு, சாரல்.

கார்த்திகையில், காய் வெடிக்குமுன் அறுத்தேன்.
கோலமாவிலும் மெலிந்த விதை.
அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டுக் குக்கர்
அன்று சோறு வைக்கவில்லை,
பாட்டிலும் ஜெல்லியும் வெந்தன.
பிரம்மநாயகம் இட்லி வாங்கி வந்தார்,
ஒன்றும் சொல்லாமல்,
சட்னியை மறந்து.

பதிமூன்று பாட்டிலில் பச்சை.
ஒரு வரிகூட ஓடாத வெறும் பச்சை.
பதினாலில் மட்டும்
இருபத்தொரு குருத்து,
அத்தனையும் பால் வெள்ளை.

நாகர்கோவில் வியாபாரி போட்டோ பார்த்துவிட்டு
விலையை நீங்களே சொல்லுங்க என்றான்.
வெயிலைத் தின்னத் தெரியாத பிள்ளைகள்,
ஜெல்லியில் சீனி இருக்கும்வரைதான் உயிர் என்றேன்.
"பூக்குமா?"
பூக்காது.
போனை வைத்துவிட்டான்.

வரி வேண்டித்தான் ஏழு வருஷம்.
இதைக் குறிப்பேட்டில் எந்தப் பத்தியில் எழுத?
தோல்வி என்று எழுதி,
பிறகு அடித்தேன்.

மில் சங்கு ஊதுகிறது.
குக்கரைக் கழுவி அடுப்பில் ஏற்றுகிறேன்,
புது ஜெல்லி, சீனி ஒரு கரண்டி கூட.
பிரம்மநாயகம் சட்டையை மாட்டிக்கொண்டு
தூக்குச்சட்டியைத் தேடுகிறார்,
சட்னிக்கு.