வரிசை எண் ஐந்து

எங்கள் ஊர் ஒரு தண்டனை.
ஆந்திரா தொடங்குமிடத்து மஞ்சள் பலகையில்
'நன்றி, மீண்டும் வருக' என்றுதான் போட்டிருக்கிறது.
ஆனால் மாவட்டத்தில் எந்தப் போலீஸ்காரர் தப்பு செய்தாலும்
ஆணை வந்துவிடும்:
எல்லைச் சாவடிக்கு மாற்றம், நிர்வாகக் காரணங்களுக்காக.
நாங்கள் என்ன தப்பு செய்தோம் என்று
இதுவரை எந்த ஆணையிலும் இல்லை.

எனக்கு எப்படித் தெரியுமென்றால்
சாவடிக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை என்னுடையது.
பக்கம் இரண்டு ரூபாய்.
அடிபட்டவர் மனுவும் அடித்தவர் விளக்கமும்
ஒரே கண்ணாடிமேல்தான் முகங்கவிழ்ந்து படுக்கும்.
அடியில் ஓடும் வெளிச்சத்துக்கு எது பொய் என்று தெரியாது.
எனக்குத் தெரியும்.
யாரும் கேட்டால்தானே.

போன தையில் இரண்டு பேர் வந்தார்கள்,
ஒரே ஆணை, வரிசை எண் நான்கு, ஐந்து.
ஏட்டு தவசிமுத்து
ஒரு லாரி கிளீனரின் காதைச் செவிடாக்கியவர்.
காவலர் எலியாஸ் ஒருவரையும் தொட்டதில்லை,
அவருக்குப் புகார் எழுத வராது.
நகை பறிகொடுத்தவள் சொன்ன மூன்று சவரனை
முப்பது என்று எழுதிவிட்டார்.
கோர்ட் சிரித்தது, கேஸ் போனது.
அறைக்கும் பிழைக்கும்
அதே தாள், அதே முத்திரை, அதே தகரக் கூரை.

ஐந்து, இங்கே வந்தும் எழுதக் கற்கவில்லை.
யார் சொல்லித் தந்தார்கள்?
ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு வருவார்,
பழைய எஃப்.ஐ.ஆர். ஒன்றைக் கொடுத்து நகல் கேட்பார்,
வீட்டில் பார்த்து எழுதிப் பழக.
அவரிடமும் காசு வாங்கினேன். சொல்லிவிடுகிறேன்.

நான்கு, ஆடி மாதம்
புத்தூர் பஸ்ஸுக்கு ஓடிய தேசம்மாவின்
மணிக்கட்டை லத்தியால் உடைத்தார்.
கடத்தல் அரிசி என்றார்.
சொந்தக் கார்டு அரிசி, பதினைந்து கிலோ,
பிள்ளை பெற்ற மகளுக்கு.

விசாரணை திருவள்ளூரில்.
திருத்தணியில் இறங்கி வண்டி மாற வேண்டும்.
முதல் தடவை அதிகாரி பந்தோபஸ்துக்குப் போயிருந்தார்.
இரண்டாம் தடவை கோப்பு வந்து சேரவில்லை.
மூன்றாம் தடவை அவளும் தவசிமுத்துவும் ஒரே பஸ்.
ஜன்னலோர சீட்டை அவளுக்கு விட்டுக்கொடுத்தாராம்.
வழி முழுக்க அவள் பேசவில்லை,
அதிகாரி எதிரிலும்.

'குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை.
எனினும் நிர்வாக நலன் கருதி
வேறு சாவடிக்கு மாற்றப்படுகிறார்.'
அந்த 'எனினும்' மூன்று நகல் போட்டேன்.
அந்தச் சாவடிக்கு எதிரிலும்
ஒரு கடை இருக்கும்.

புது டி.எஸ்.பி. செய்தது பெரிய காரியமில்லை.
விசாரணை இனி இந்த ஊரிலேயே,
தறி ஓடாத நாளில், பள்ளிக்கூடத்தில்.
விசாரிப்பவர் வேறு சரகம்.
மனு கொடுத்தால் எண் போட்ட சீட்டு,
முடிவு என்னவென்று சுவரில், தமிழிலும் தெலுங்கிலும்.
அந்த நோட்டீசை நான்தான் நாற்பது நகல் எடுத்தேன்.
எலியாஸை ஆறு வாரம் பயிற்சிக்கு அனுப்பினார்.
தண்டனைப் பதிவில் ஏறாது என்று
எழுதிக் கொடுத்தாராம்.
அதை நகல் எடுக்க வந்தபோது
அவர் கை நடுங்கிற்று.

மூன்று வாரம் சீட்டுப் புத்தகம் கிழிபடாமல் கிடந்தது.
ஊர் சும்மா நம்புமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு
ரோட்டைக் கடந்தேன். பன்னிரண்டே எட்டு.
அன்றைக்கு அந்த எலும்பின் சத்தம்
மெஷின் சத்தத்தையும் தாண்டி எனக்குக் கேட்டது.
அதைத்தான் சொல்லப் போனேன்.
முடிந்த கோப்பைத் திறப்பார்களா, தெரியாது.

மேஜையில் எலியாஸ்.
'எத்தனை அடி?'
'மூன்று.'
பேனா நின்றது.
'மூன்றா? முப்பதில்லையே?'
'மூன்று சார்.'
எண்ணால் எழுதினார், பிறகு எழுத்தால்.
பிறகு, முதலிலிருந்து
எனக்கே படித்துக் காட்டினார்.