கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

ஜூலை பிறந்தால் என் வேலை பாதி ஜோசியம்.
கலீசியாவின் வடக்கு மூலையில்
பேருந்து நிலையத்து மூன்றாம் கவுண்டர்.
ஊர்ப் பெயரா கேட்கிறார்கள்?
"நல்ல கடற்கரையாக ஒன்று கொடுங்கள்."

கண்ணாடியில் வாயளவு ஓட்டை.
அதன் வழியே ஆளைப் பார்ப்பேன்,
இழுப்பறைமேல் ஒட்டிய ஓத அட்டவணையைப் பார்ப்பேன்,
சொல்வேன்.

நடை பழகும் பிள்ளை இருந்தால் லாம்ப்ரேலா.
முந்நூறு அடிக்குக் கணுக்கால் ஆழம்,
மாவாய்ச் சலித்த மணல்.
வீட்டில் மூன்று நாளைக்கு உதிரும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவேன்.
இளஞ்ஜோடிக்கு அர்னெலா, பாறை மறைவு.
ஐந்து மணிக்குள் எழுந்துவிடுங்கள்,
ஓதம் முதலில் செருப்பைத்தான் கொண்டுபோகும்.
மூட்டுவலிக்காரருக்குப் பலகை பாவிய வழி எங்கே,
நாயை விரட்டாத காவலர் யார்,
எந்த மணலில் கிளிஞ்சல் குத்தும்,
எல்லாம் தெரியும்.

வாடை வீசும் நாளில் வானம் கழுவிக் கவிழ்த்த தட்டு.
மாட்ரிட்காரர்கள் அதைப் பார்த்து ஏமாறுவார்கள்.
தண்ணீரில் இறங்கியதும்
உடம்பில் எலும்பு எத்தனை என்று எண்ணிவிடலாம்.
அன்றைக்கெல்லாம் நான் ஒரே பெயர்தான் சொல்வேன்:
கொர்வெய்ரா. மேற்கே திறந்த குடா,
முதுகுக்குக் குன்று. காற்றே வராது.

இதில் ஒன்றுக்கும் நான் போனதில்லை.

பத்தொன்பது கோடையாய்
ஏழரை மணி வண்டியில் இறங்குகிறவர்களின்
கால்களைப் படித்துத் தெரிந்துகொண்டது.
கெண்டைச்சதையில் ஒட்டிய மணலின் நிறம்,
விரலிடுக்கில் பாசி, குதிகாலில் தார்,
யார் சிரித்துக்கொண்டு இறங்குகிறார்கள்,
எந்தத் தம்பதி தனித்தனிக் கதவில்.
வண்டி கூட்டும் ரமீரோ
முறத்தில் அள்ளிவந்து காட்டுவான்:
"பார் தொரிந்தா, இன்றைக்கு உன் லாம்ப்ரேலா இரண்டு கிலோ."

போன செவ்வாய்க்கிழமை விடுப்பு.
எடுக்காவிட்டால் காலாவதி என்று
தலைமை அலுவலகம் கடிதம் போட்டிருந்தது.
துண்டு, இரண்டு பீச் பழம், தொப்பி.
என் கவுண்டரில் ஷியான்,
வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்.

"எங்கே?"

எனக்குப் பின்னால் ஒன்பது பேர்.
ஒருவர் நாணயத்தைக் கண்ணாடியில் தட்டுகிறார்.
எத்தனை பேருக்கு எத்தனை மணலை எடுத்துக் கொடுத்தேன்,
எனக்கென்று கேட்டால் நாக்கு எழவில்லை.
பிள்ளை இல்லை. நாய் இல்லை.
மூட்டு இன்னும் நன்றாகவே இருக்கிறது.

"எது நன்றாக இருக்கும், தம்பி?"
"நான் நீச்சல்குளம் ஆள், அம்மா."

கொடிக்கம்பத்தைப் பார்த்தேன். வாடை.
கொர்வெய்ரா என்றேன்,
மருந்துச் சீட்டைத் தனக்கே எழுதிக்கொள்ளும்
மருத்துவரைப் போலக் கொஞ்சம் கூச்சத்தோடு.

அழகுதான். அதை மறுக்க முடியாது.
பிறைத்துண்டாய் மணல், ஈரம் பட்ட இடமெல்லாம் தேன்நிறம்.
என் பாதம் முழுதாய்ப் பதிந்தது;
அதை நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

பிறகு குன்றைச் சுற்றிக்கொண்டு வந்தது காற்று.
தொப்பி போயிற்று.
பீச் பழம் கடித்தால் பாதி மணல்.
பக்கத்தில் ஒருத்தி
பறக்கும் குடையோடு மல்லுக்கட்டிக்கொண்டு கத்தினாள்:

"மூன்றாம் கவுண்டர்ப் பொம்பளை சொன்னாள், போன வாரம்!
இங்கே காற்றே வராதாம்!
அவள் ஒருநாளாவது வந்திருப்பாளா?"

கண்ணாடி இல்லாமல் என்னை யாருக்கும் தெரியாது.

"வந்திருக்க மாட்டாள்" என்றேன்.
எழுந்துபோய்க் குடைக்காம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.
அவள் முழங்காலிட்டு, திட்டிக்கொண்டே,
அடியில் மணலை அள்ளி அள்ளி அணைத்தாள்.

"இன்னும் ஆழமாய்," என்றேன்,
"ஈரமணல் வரும்வரை தோண்டுங்கள்."
அதுவும் யாரோ சொல்லிக் கேட்டதுதான்.

நின்றது.