தெளிக்காமல் திரும்பிய நாள்

பதினாறு லிட்டர் தொட்டியை முதுகில் கட்டிக்கொண்டு
மொன்சேயிலிருந்து சைக்கிள் மிதித்து வந்தேன்.
மார்ச் முதல் வாரம். மழை விட்டு மூன்று நாள்.
இலையிடுக்கில் பனிநீர் இன்னும் வற்றவில்லை,
பூசணத்துக்கு அது பந்தி.

ஹச்சூங்கோ வயல் ஓரத்தில் நிற்கிறார்,
கையில் கசங்கிய நானூறு குவாச்சா.
"துரு பிடிச்சிருக்கு லுயாண்டோ, சீக்கிரம் அடி."

துருவா?
கட்டைவிரலால் இலையைத் தேய்த்தேன்.
துருவென்றால் ரேகையெல்லாம் செங்கல்பொடி ஏறும்.
விரலில் வெறும் ஈரம்.

வெயிலுக்கு நேரே பிடித்தேன்.
சுருட்டு போல நீண்டு, நடுவில் உப்பிய புண் என்றால்
கருகல், அது வேறு கதை.
இதுவோ தீக்குச்சி தீக்குச்சியாக,
நரம்பைத் தாண்டத் தெரியாமல்
இரண்டு கோட்டுக்குள் அடங்கிய செவ்வகம்.
சாம்பல் புள்ளி.
பெயரில்தான் புள்ளி.
ஒன்றோடொன்று கைகோத்தால் இலையே இருக்காது.

எண்ணினேன். கீழே ஆறு இலை போயிற்று.
கதிரை ஏந்தும் இலை பாதி.
உறையைப் பிரித்து மணியில் நகத்தை அழுத்தினேன்.
பால் வரவில்லை,
மாவு.

"குஞ்சம் வெளிவந்த வாரம் கூப்பிட்டிருக்க வேண்டும்.
இப்போது அடித்தால் நனைவது
உங்கள் பணம்தான்."

அவருக்குக் கோபம். "அடிக்கத்தானே வந்தாய்?"
ஆமாம்.
அதற்குத்தான் வந்தேன்.

காலடியில் போன வருஷத் தட்டை நொறுங்கியது.
அதற்கு முந்திய வருஷமும் மக்காச்சோளம்,
அதற்கு முந்தியும்.
நோய் எங்கிருந்தும் வரவில்லை,
இங்கேயே படுத்து, மழைக்கு எழுந்தது.
தட்டையை எரிக்காதே, மண்ணை மூடிவை என்று
கூட்டம் போட்டுச் சொல்லிப் போனவர்கள்
அடுத்த வாக்கியத்தைச் சொல்ல மறந்துவிட்டார்கள்:
பயிரை மாற்று.

"தட்டைப்பயறா? அதை எவன் வாங்குவான்?"
எனக்கும் பதில் தெரியாது.
தெரிந்ததைச் சொன்னேன்:
இலை இல்லாத செடி தன் தண்டைத் தின்று
கதிரை நிரப்பும். உள்ளே கூடாகிவிடும்.
ஒரு காற்று போதும்.
சாயுமுன் ஒடித்துவிடுங்கள்.

அவர் பணத்தை மடித்து
சட்டைப்பையில் வைத்தார். பொத்தானும் போட்டார்.

திரும்பும் வழியில் முவீங்காவின் வயலில்
வேறொரு பையன் தெளித்துக்கொண்டிருந்தான்.
அங்கேயும் குஞ்சம் காய்ந்து பழுப்பாகிவிட்டது.
கையசைத்தான். நானும் அசைத்தேன்.
தொட்டி காலி,
பையும் காலி.
மேட்டில் சைக்கிள் சுலபமாகத்தான் ஏறியது.