பத்தாவது எண்

மனுவை என் கைப்பட எழுதச் சொன்னார்கள்.
வக்கீல் குமாஸ்தா சொல்லச் சொல்ல எழுதினேன்:
மேற்படி நான் மேஜர்,
என் சுயவிருப்பத்தின் பேரில்,
யாருடைய தூண்டுதலும் இன்றி...
தூண்டுதல் என்ற இடத்தில் பேனா நின்றது.
செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில்
கொலுசுக் கண்ணி பற்றவைக்க ஊதுகுழல் கேட்டு
என் பக்கம் கை நீட்டியவன்தான் நவநீதன்.
சட்டம் அதை என்னவென்று சொல்லும்
தெரியவில்லை.
எழுதி முடித்தேன்.

ஆறு நகல்.
ஜெராக்ஸ் கடைக்காரர் தாளைப் படித்தார்,
எங்களை ஏற இறங்கப் பார்த்தார்,
பன்னிரண்டு ரூபாயில் இரண்டைத் திருப்பித் தந்தார்.
எங்கள் கல்யாணத்துக்கு வந்த மொய் அதுதான்.

மாலை மாற்றியது சேர்வராயன் குகையில்.
குனிந்துதான் போக வேண்டும்,
சாமி ஒன்றும் கேட்கவில்லை.
சார்பதிவாளர் கேட்டார்:
வயதுக்குச் சான்று, முகவரிக்குச் சான்று,
இருவர் முகமும் தெரிய ஒரு படம்.
ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது
இருபது கொண்டை ஊசி வளைவிலும் திரும்பிப் பார்த்தோம்,
பின்னால் வருவது பேருந்தா
மாமாவின் வெள்ளைக் காரா என்று.

மகளிர் காவல் நிலையத்துக்கு
நான்கு வண்டிகளில் வந்தார்கள்.
வேப்பமரத்தடியில் பதினேழு பேர்,
உள்ளே விட்டது இரண்டு பேரை.
அம்மா முதலில் என் கழுத்தைப் பார்த்தாள்,
பிறகு காலை.
"கொலுசைக் கழட்டி வை. அது எங்க வெள்ளி."
நவநீதன் வாயெடுத்தான்.
ஏட்டு ரெஜினா கையமர்த்தினார்.
கழற்றினேன்.
இடது கொலுசின் கடைசிக் கண்ணியை
அவன்தான் பற்றவைத்தான்.
அம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அப்பா எழுதிக் கொடுத்தார்:
இனி இவளுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை,
இவர்கள் வாழ்க்கையில் தலையிட மாட்டோம்,
இவர்கள் உயிருக்கு எங்களால் தீங்கு வராது.
மூன்றாவதை ரெஜினா சொல்லித்தான் எழுதினார்.
'உயிருக்கு' என்பதில் ஒரு க் விட்டுப்போனது.
யாரும் திருத்தச் சொல்லவில்லை.

கீழே, செ. அங்கமுத்து.
ங்-இன் வாலை இழுத்து, பெயருக்கடியில் இரண்டு கோடு.
ஒன்றாம் வகுப்பிலிருந்து
என் மதிப்பெண் அட்டை முழுக்க இருந்த கையெழுத்து.
கணக்கில் முப்பத்தொன்று வாங்கிய மாதம்
அந்தக் கோடு அட்டையைக் கிழித்தது.
இன்று தாள் கிழியவில்லை.
அவ்வளவு மெதுவாகப் போட்டார்.

கன்னங்குறிச்சியில் ஒரு அறை.
நீங்க என்ன ஆளுங்க என்றார் வீட்டுக்காரம்மா.
ரெஜினா சீருடையில் வந்து எங்கள் பின்னால் நின்றதும்
பேச்சு அட்வான்ஸ் பக்கம் போனது.

பதினைந்து நாள் தெருமுனையில்
பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒரு காவலர்.
தட்டுவடை செட் வாங்கிக் கொடுப்போம்,
காரம் பத்தலம்மா என்பார்.
பதினாறாம் நாள் நாற்காலி மட்டும் இருந்தது.
திருவிழா பந்தோபஸ்துக்குப் போய்விட்டாராம்.
சாயங்காலம் டீக்கடைப் பையன்
நாற்காலியையும் எடுத்துப்போனான்.

மிச்சம் இருப்பது
மனு ரசீதின் பின்புறம் ரெஜினா எழுதிய எண்.
"எப்ப வேணா கூப்பிடு. மணி பாக்காத."

ராத்திரியில் ஒரு பைக்
எங்கள் வாசலருகே வேகம் குறைந்தால்
அவன் விளக்கை அணைப்பான்.
நான் எண்களை அழுத்துவேன்,
ஒன்பது வரை.
பத்தாவதின் மேல் கட்டைவிரல்.
எதிர்வீட்டு மில்காரர் கேட்டைத் திறப்பார்,
செருப்பை உதறுவார்,
குழாயில் தண்ணீர் விழும்.
பின்னாலிருந்து ஒவ்வொன்றாய் அழிப்பேன்.
கைபேசி அணைந்ததும்
ஜன்னலில் மலைப்பாதையின் விளக்குகள் தெரியும்,
ஏதோ ஒரு வண்டி இறங்கிக்கொண்டிருக்கும்.

எழுந்துபோய்த் தாழ்ப்பாளை
இன்னொரு முறை தொட்டுப் பார்த்து வருகிறேன்.
கொலுசு இல்லாத கால்.
நடப்பது யாருக்கும் கேட்காது.