முப்பது மில்லி

இருமல் மருந்து பாட்டிலின் மூடி.
அதுதான் இப்போது என் டம்ளர்.
கால் மணிக்கு ஒரு மூடி தண்ணீர்,
நாக்கில் வைத்து, நிறுத்தி, பிறகு விழுங்கணும்.
ராயபுரத்துச் சித்திரை வெயிலில்
சொம்பு சொம்பாய்க் கவிழ்த்தவள் நான்.

வயிறு இனி ஒரு முட்டையளவு
என்றார் டாக்டர் ஃபிரோசா.
கோழியா வாத்தா என்று கேட்டேன்.
கோழிதான், அதுவும் சின்னது, என்றார்.

பதினோராம் நாள் ராத்திரி
இடது தோளில் ஒரு வலி.
கேஸ்தான், ஓமத்தண்ணி குடி,
தூக்கத்திலிருந்தே சொன்னார் ராயப்பன்.
தோளில் ஏது கேஸ்?
இரண்டு விரலை மணிக்கட்டில் வைத்து
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன்:
நூற்று இருபத்தாறு.
தப்பாக இருக்கும் என்று மறுபடி எண்ணினேன்.
நூற்று முப்பது.

டிஸ்சார்ஜ் அன்று நர்ஸ் புஷ்பலீலா
டேபிள் காலண்டரின் முதுகில் தன் நம்பரை எழுதி,
"நூத்தி இருபதைத் தாண்டினா
விடியட்டும்னு காத்திருக்காதீங்க" என்றிருந்தாள்.
மணி இரண்டு நாற்பது.
இரண்டாம் ரிங்கில் எடுத்தாள்.
"கிளம்புங்க ஜெசிந்தாக்கா. ஒண்ணும் குடிக்காதீங்க."

கல்மண்டபத்தில் மீன் லாரிகளுக்கு நடுவே
ஆட்டோ நின்று நின்று போனது.
ஐஸ் உருகி ரோடெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.
எனக்குள்ளும் அப்படித்தான்,
தையலின் இடுக்கில் கசிந்துகொண்டிருந்தது
என்று ஸ்கேனில்தான் தெரிந்தது.
ஊசிமுனை ஓட்டையாம்.
"இன்னும் ஒரு பகல் போயிருந்தால்" என்று
டாக்டர் ஆரம்பித்த வாக்கியத்தை
இன்றுவரை முடிக்கவில்லை.
விலாவில் குழாயோடு பத்தொன்பது நாள்.

மூன்றாம் மாதம்
குளியலறைச் சல்லடையில் என் தலைமுடி,
குளிருக்குச் சுருண்ட எலிக்குஞ்சு மாதிரி.
புரதம் பத்தவில்லை என்றது ரத்தச் சீட்டு.
முதலில் சங்கரா மீன், முட்டை வெள்ளை,
பிறகுதான் சோறு.
சோற்றின் முறை பெரும்பாலும் வருவதேயில்லை.
இரும்புச்சத்து மாத்திரை காலையில்,
கால்சியம் மாலையில்.
ஒரே வேளையில் சேரவே கூடாத
இரண்டு ஓரகத்திகள்.
மாதம் ஒரு ஊசி, பி பன்னிரண்டு.
தலைவலிக்கு வழக்கமான மாத்திரையை
மெடிக்கல் கடைப் பையன் நீட்டினான்.
வேணாம்பா, அது உள்ளே புண்ணாக்கும், என்றேன்.
என்னை டாக்டர் என்று நினைத்திருப்பான்.

கொழுந்தன் கல்யாணம், வண்ணாரப்பேட்டை மண்டபம்.
சேமியா பாயசம். இரண்டே இரண்டு கரண்டி.
கால் மணி ஆகவில்லை,
வேர்வை, படபடப்பு, குடலில் ஒரு முறுக்கு.
மணமகள் அறைத் தரையில்
பட்டுப்புடவையோடு படுத்துக்கிடந்தேன்.
மேலே ஃபேன். வெளியே பேண்டு வாத்தியம்.
கதவிடுக்கில் எட்டிப் பார்த்த ஒருத்தி
"இளைச்சு எவ்ளோ அழகாயிட்டே" என்றாள்.

பண்ணியிருக்கக்கூடாதோ என்று
அந்தத் தரையில் தோன்றியது உண்மை.
ஆறாம் மாதம் ஸ்டேஷன் படிக்கட்டை
எங்கும் நிற்காமல் ஏறி முடித்து
ரயிலைத் தவறவிட்டு
மேலேயே நின்றிருந்ததும் உண்மை.

இப்போதும் ராத்திரியில் எண்ணுகிறேன்.
என்னுடையது எழுபத்தாறு.
பக்கத்தில் கிடக்கிற கையையும்
விடுவதில்லை.
"என்னடி தேடுற?" என்கிறார் ராயப்பன்,
கண் திறக்காமல்.
ஒண்ணுமில்ல. கேஸ்தான். தூங்குங்க.